கன்னியம்மாள் வீட்டு மேசை

கன்னியம்மாளுக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். சாப்பிட்டவர்கள், இன்னும் சாப்பிடாதவர்கள். சிலிண்டர் போட வருகிறவர், கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர், கலெக்டர் ஆபீசுக்கு வழி கேட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறவர் என்று எல்லோரிடமும் முதலில் “சாப்டீங்களா?” என்றுதான் கேட்பாள். இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். நான் அவள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். குடிவந்த புதிதில் ஒருநாள், தலைவலி, சமைக்கவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு வாரத்துக்கு மூன்று வேளையும் கீழேயிருந்து தூக்கு வந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து நான் கூசாமல் பொய் சொல்லப் பழகிக்கொண்டேன்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. வேடியப்பனைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவருக்கு ஒரு பழைய மினி வேன் மட்டும் இருந்தது. அதில் வேர்க்கடலை மூட்டையும் நெல் மூட்டையும் ஏற்றி இறக்கியே வேங்கிக்காலில் மனை வாங்கினார்கள், வீடும் கட்டினார்கள். கன்னியம்மாளின் பங்கு கிரைண்டர். எங்கள் தெரு முழுவதும் அவள் அரைக்கிற மாவில்தான் இட்லி சாப்பிடுகிறது. குரல் கொஞ்சம் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. ஆனால் மாவில் தண்ணீர் கலந்தாள் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது.

அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. விருந்தாளி சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டு ஆம்பளைகள் உட்கார வேண்டும். ஆம்பளைகள் எழுந்த பிறகு பிள்ளைகள். எல்லோரும் முடித்து, சட்டியில் என்ன மிச்சமோ அதோடு கன்னியம்மாள் அடுப்படியில் குந்துவாள். இதை யாரும் போட்டு அவள் ஏற்றுக்கொண்டதில்லை. அவள் அம்மா அப்படித்தான் சாப்பிட்டாள், அவளும் சாப்பிடுகிறாள்.

போன வருடம் அவள் மகள் தென்றலுக்கு ஒரு யோகம் அடித்தது. மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் தேர்வாகி, ஒரு படிப்பு வருடம் ஹங்கேரி நாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப் போனாள். செலவு முழுவதும் திட்டத்துக்காரர்களுடையது. நிபந்தனை ஒன்றுதான், பதிலுக்கு அங்கிருந்து வருகிற ஒரு பிள்ளையை இவர்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். திட்டத்துக்கு இங்கே பொறுப்பாளர் சோமேஷ். கோயில் குருக்கள் வீட்டுப் பையன், நல்ல பிள்ளை, எதற்கும் குரலை உயர்த்த மாட்டான். அவன் தயங்கித் தயங்கி விவரம் சொன்னபோது கன்னியம்மாள் இடையிலேயே வெட்டிவிட்டாள்.

“இதுக்கு எதுக்கு தம்பி இவ்ளோ பேச்சு? அங்க ஒருத்தி என் பொண்ணுக்குச் சோறு போடப் போறா. இங்க வர்ற பொண்ணுக்கு நான் போடறேன். நான் எப்பிடிப் பாத்துக்கறனோ அப்பிடித்தான் அங்க என் பொண்ணையும் பாத்துப்பாங்க.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சும்மா சொல்லவில்லை. மனதார நம்பினாள். இங்கே ஒரு குறை வைத்தால் அங்கே தென்றலுக்கு ஒரு குறை வரும் என்பது அவள் கணக்கு.

வந்த பெண்ணின் பெயர் எஸ்தர். “அட, நம்ம ஊருப் பேருதான்” என்று வேடியப்பன் சந்தோஷப்பட்டார். பதினேழு வயது, தவிட்டு நிறத் தலைமுடி, நெடுநெடுவென்று உயரம். அவள் வருவதற்கு முன்பே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று, தென்றலின் அறைக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாகக் கூடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை வந்து இறங்கியது. தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டுப் பழகிய குடும்பம். மேசை எஸ்தருக்காக மட்டும். அதனால் நாற்காலியும் ஒன்றே ஒன்றுதான் வாங்கினார்கள்.

எஸ்தரை அந்த நாற்காலியில் உட்கார்த்தி, மேலே ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டு, கன்னியம்மாள் இந்தப் பக்கமும் வேடியப்பன் அந்தப் பக்கமும் நிற்பார்கள். மகன் கோபி கதவோரத்தில் தண்ணீர்ச் செம்போடு நிற்பான். மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். “சாப்பிடுங்க பாப்பா, கூச்சப்படாதீங்க.” அவள் கை கழுவப் போனால் பின்னாலேயே துண்டு போகும். தட்டை எடுக்கப் போனால் அலறல் கேட்கும். அவள் அறைக்குப் போன பிறகு மூன்று பேரும் அடுப்படியில் கூடி, ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு மாடி வரைக்கும் கேட்கும்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. எஸ்தர் இளைத்துக்கொண்டே போனாள். வணக்கம், போதும், தண்ணி, நல்லா இருக்கு என்று தமிழ் மட்டும் வளர்ந்தது, உடம்பு வளரவில்லை. கன்னியம்மாள் மிளகாயைப் பாதியாக்கிப் பார்த்தாள். அப்புறம் அதையும் பாதியாக்கினாள். வேடியப்பன் செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிற கடைகளில் எல்லாம் ஏறி இறங்கி, கல் மாதிரி ஒரு ரொட்டியும் வாடை அடிக்கிற சீஸும் வாங்கி வந்தார். எஸ்தர் அதையும் இரண்டு கடி கடித்து, “நல்லா இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“இன்னா டீச்சர் இது, ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது அந்தப் பொண்ணுக்கு. என் கையில இருந்த ருசி போயிடுச்சா?” என்று கன்னியம்மாள் என்னிடம் கேட்டாள். வழக்கமாக அடுத்தவர் சமையலைத்தான் குறை சொல்வாள். அவள் தன் கையையே சந்தேகப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

ஐப்பசி மாதத்தில் சோமேஷ் வந்தான். வாசல்படியிலேயே நெளிந்துகொண்டு நின்றான். எஸ்தர் வேறு வீடு கிடைக்குமா என்று கேட்டாளாம். ரமணாசிரமம் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்களை வைத்துப் பழகியவர்கள், கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் காலையில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான்.

“நீங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கக் கூடாதும்மா. பொண்ணு உங்கள ஒரு குறையும் சொல்லல.”

“குறை இல்லாமலா ஒரு புள்ள வீட்ட மாத்தும்?” என்றாள் கன்னியம்மாள். அவ்வளவுதான் பேசினாள். சோமேஷுக்கு வழக்கமாகக் கொடுக்கிற காபியைக் கூட மறந்துவிட்டாள். அவன் போனதும் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஊர் சிரிக்குமே என்று அல்ல. “இங்கேருந்து இது கௌம்பிப் போனா, அங்க என் தென்றல ஒருத்தி இதே மாதிரி வேற வீட்டுக்குப் போன்னு சொல்லிட மாட்டா?” என்று கேட்டு அழுதாள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். தாய் மனசுக்கு யார் புத்தி சொல்ல முடியும்?

எஸ்தரிடம் நானே பேசுவது என்று முடிவு பண்ணினேன். மாடிக்குக் கூப்பிட்டு, டீ போட்டு, எனக்கும் ஒரு தம்ளரில் ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். உட்கார்ந்த உடனே அந்தப் பெண் கண்கலங்கிவிட்டாள். நான் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை.

பிறகு இங்கிலீஷில் சொன்னாள். “டீச்சர், இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னோடு உட்கார்ந்து யாரும் எதுவும் குடித்ததில்லை, சாப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் அப்பா வேலையிலிருந்து வரும் வரைக்கும் காத்திருந்து எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம், சண்டை போடுவோம். இங்கே நான் தனியாகச் சாப்பிட வேண்டும். நான் போன பிறகுதான் அவர்கள் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். இந்த நாட்டில் சில பேர் வேறு சில பேரோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள் என்று வருவதற்கு முன்னால் படித்தேன். நான் அப்படிப்பட்ட ஆளா? என் தட்டைக் கூட என்னைத் தொட விடுவதில்லையே.”

எனக்குச் சுரீரென்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் படித்தது பொய் இல்லை. அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. ஆனால் இந்த வீட்டு விஷயம் அது இல்லை என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் செலவழித்து விளக்கினேன். மரியாதை, விருந்தாளி, அவர்கள் முதலில், நாங்கள் பிறகு. அவள் தலையை ஆட்டினாள். நம்பிய மாதிரியும் இருந்தது, நம்பாத மாதிரியும் இருந்தது.

கீழே போய்க் கன்னியம்மாளிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அய்யோ, தள்ளி வெச்சி சோறு போடறேன்னா நெனச்சிச்சு அந்தப் புள்ள? நானா?”

“ஒண்ணும் இல்ல கன்னியம்மா, நாளைக்கு அவகூட குந்தி நீங்களும் சாப்பிடுங்க. தீர்ந்துச்சு.”

“விருந்தாளியோட கூடவா? அப்போ யாரு போடறது?”

“அவளே போட்டுக்குவா.”

“அதுவே போட்டுக்குமா! என் வீட்டுக்கு வந்த புள்ள அதுவே கரண்டியத் தூக்கிப் போட்டுக்கினா நான் இன்னாத்துக்கு டீச்சர் இருக்கறேன்?”

இருந்தாலும் முயற்சி செய்யாமல் இல்லை. மறுநாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எஸ்தருக்கு எதிரே உட்கார்ந்தாள். தனக்குத் தட்டு வைத்துக்கொள்ளவில்லை. வெறும் கையோடு உட்கார்ந்து அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். நின்று பார்த்தபோதாவது கொஞ்சம் தூரம் இருந்தது. அன்று எஸ்தருக்குச் சோறு ஒரு வாயோடு நின்றது. அதற்கடுத்த நாள் வேடியப்பனை உட்கார வைத்தார்கள். மனுஷன் பந்தயம் கட்டின மாதிரி கண்மூடித் திறப்பதற்குள் சாப்பிட்டு முடித்து, “வண்டிக்கு டீசல் போடணும்” என்று ஓடிவிட்டார். கன்னியம்மாளைக் கேட்டால், “முட்டி மடங்க மாட்டேங்குது டீச்சர். உக்காரலாம்னு போறேன், ஒடம்பு கேக்க மாட்டேங்குது” என்கிறாள். சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் தென்றல் வீடியோவில் பேசினாள். நானும் இருந்தேன். பெண் கன்னம் உப்பி, சிவந்து, ஒரு பெரிய கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு இருந்தாள்.

“சாப்டியா?” என்றாள் அம்மா.

“சாப்டேம்மா. இன்னிக்கு ஃபுல்லா தோட்டத்துல வேலை. எல எல்லாம் உதுந்து கெடந்துச்சு, வாரிக் கொட்டினோம். காலையில உருளைக்கெழங்கு வேற நான்தான் தோல் சீவினேன். ஈரத் துண்ட கட்டில் மேல போட்டுட்டேன்னு அந்த அம்மா திட்டினாங்க பாரு, உன்ன மாதிரியே.”

கன்னியம்மாளுக்கு வந்ததே கோபம். “இன்னாடி சொல்ற? என் பொண்ண எல வாரவா அனுப்பினேன்? இங்க நான் அவங்க நாட்டுப் பொண்ண உள்ளங்கையில வெச்சித் தாங்கறேன், அங்க உன்ன வேலை வாங்கறாங்களா? சோமேஷுக்குப் போன் போடுங்க டீச்சர்!”

தென்றல் சிரித்தாள். “அய்ய, கத்தாதம்மா. அந்த வீட்ல எல்லாரும்தான் வாரினாங்க. நான் மட்டும் உள்ள குந்திகினு ஜன்னல் வழியா பாத்துகினு இருந்தா எனக்கு எப்பிடி இருக்கும்?”

கன்னியம்மாள் போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

கார்த்திகை தீபம் வந்தது. தீபத்துக்கு எங்கள் ஊரில் எந்த வீடும் அந்த வீட்டுக்காரருடையது அல்ல. முதல் நாளே வேடியப்பனின் அக்கா ராஜம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்கூட்டத்தோடு வந்து இறங்கினாள். கூடத்தில் பாய், வராந்தாவில் பாய், என் மாடியிலும் பாய். வருஷா வருஷம் எனக்கு இந்தக் கூட்டத்தின் மேல் எரிச்சலாக வரும். அவர்கள் கிளம்பிப் போன மறுநாள் வீடு வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து அந்த எரிச்சலுக்காக எரிச்சல் வரும்.

மலைமேல் தீபம் தெரிகிற வரைக்கும் அந்த வீட்டில் பெரியவர்கள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் தொட மாட்டார்கள். மத்தியானம் எஸ்தருக்கு மட்டும் மேசையில் தட்டு வைத்தார்கள். அவள் உட்காரவில்லை. “நீங்க சாப்பிடல, நானும் சாப்பிடல” என்றாள். கன்னியம்மாள் கெஞ்சினாள், ராஜம்மாள் அதட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மேசையைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் அகல் விளக்குகளைப் பரப்பித் திரி போட ஆரம்பித்தார்கள். எஸ்தரும் கூடவே திரி திரித்தாள். கோணல் மாணலாக வந்தது.

சாயங்காலம் எல்லோரும் மாடியில் நின்றோம். மலை இருட்டத் தொடங்கியது. பேச்சு குறைந்தது. உச்சியில் சட்டென்று அந்தப் பொட்டு வெளிச்சம் தெரிந்ததும், தெருத் தெருவாக, மாடி மாடியாக “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று ஊரே கத்தியது. வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எஸ்தர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அப்புறம் வீட்டு விளக்குகளை ஏற்றிவிட்டுச் சாப்பிடக் கீழே இறங்கினோம்.

கூடத்தில் வரிசையாக இலை போட்டார்கள். “பாப்பா, மொதப் பந்தியில குந்துங்க” என்றாள் கன்னியம்மாள். எஸ்தர் அசையவில்லை.

“நீங்க எப்போ?” என்று தமிழில் கேட்டாள்.

“நான் கடைசி.”

“நானும் கடைசி.”

முதல் பந்தி முடிந்தது. கன்னியம்மாள் மறுபடி கூப்பிட்டாள். எஸ்தர் மறுபடி தலையை ஆட்டினாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத பெண் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். அவளைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்கே சாம்பார் ஊற்றுகிறோமே என்று கன்னியம்மாள் வாளியைக் கீழே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். விருந்தாளிக்கு முன்னால் உட்காரவும் முடியாது, விருந்தாளியைப் பசியோடு வைத்திருக்கவும் முடியாது. பாவம், அவள் சட்டமே அவளை மாட்டிவிட்டது.

ராஜம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. “ஏன்டி கன்னியம்மா, அந்தப் பொண்ணுக்குப் பசியில கண்ணு சொருவுது, உனக்கு இன்னும் இன்னா வீம்பு? குந்துடி!” என்று நாத்தனார் அதிகாரத்தோடு தோளைப் பிடித்து அழுத்தினாள். கன்னியம்மாள் இலைமுன் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் எஸ்தர். எஸ்தருக்குப் பக்கத்தில் என்னையும் இழுத்து உட்கார வைத்தார்கள்.

“யாரு போடறது?” என்று கன்னியம்மாள் பதறினாள்.

வேடியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கினார். மூட்டை தூக்கின கைதான், ஆனால் கரண்டி பிடித்துப் பழக்கம் இல்லை. பாதி இலையிலும் பாதி தரையிலுமாக ஊற்றினார். “வடை வெச்சியா? கூட்டு எங்க? இந்தப் பக்கம் உப்பு வெக்கல பாரு” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் விரட்டினாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. முதல் கவளத்தைக் கையில் எடுத்தவள் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். சூடாக இருந்தது. தான் ஆக்கின சோற்றைச் சூடாகச் சாப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. எனக்கு அழுகை வந்துவிட்டது. எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. அவள் இரண்டாம் தடவை சோறு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாயசம் வரைக்கும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எஸ்தர் இலையை எதிர்ப்பக்கமாக மடிக்கப் போனாள். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள். கன்னியம்மாள் யோசிக்கவே இல்லை. எஸ்தரின் கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

“அடியே! நல்ல நாளும் அதுவுமா அப்பிடியா மடிக்கறது? ஒனக்கு எத்தினி தரம் சொல்றது? இப்பிடி, ஒன் பக்கமா மடி!”

கன்னியம்மாளுக்கு அப்போதுதான் யாரை அடித்தோம் என்பதே உறைத்தது. அவள் அதுவரை எஸ்தருக்கு ஒரு தடவைகூட எதையும் அதட்டிச் சொன்னதில்லை. எத்தினி தரம் சொன்னதெல்லாம் தென்றலுக்குத்தான். “அய்யோ பாப்பா” என்று அவள் வாயெடுப்பதற்குள் எஸ்தர் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு, அடிபட்ட கையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். வந்த நாளிலிருந்து அந்தப் பெண் இப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில், கோயில் வேலையெல்லாம் முடித்துத் தூக்கமில்லாத கண்ணோடு சோமேஷ் கார் எடுத்துக்கொண்டு வந்தான். முன்பு பேசினபடி எஸ்தரைக் கூட்டிப் போக வேண்டும். போகாதே என்று கன்னியம்மாள் ஒரு வார்த்தை அவளிடம் சொல்லவில்லை. முட்டியை மடக்கியாயிற்று, வீம்பை இன்னும் மடக்கவில்லை. “பொண்ணு இஷ்டம் தம்பி, பின்னால இருக்குது, கேட்டுக்க” என்றவள், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே வந்தாள். நானும் போனேன்.

கொல்லைப்புறத்தில் நேற்றைய விருந்துப் பாத்திரங்கள் மலையாகக் குவிந்திருந்தன. நடுவில் எஸ்தர், நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரைக்கும் கரியோடு ஒரு குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எஸ்தர், கார் வந்துடுச்சு. போலாமா?” என்றான் சோமேஷ்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு பாத்திரங்களைப் பார்த்தாள். வார்த்தைகளைத் தேடித் தேடிக் கோத்தாள். “இப்போ முடியாது. பாத்திரம் நெறைய இருக்கு.”

“சரி, பாத்திரம் முடிஞ்சதும்?”

கன்னியம்மாள் அவனுக்குக் குறுக்கே வந்து, எஸ்தருக்கு எதிரே தரையில் குந்தி, ஒரு சட்டியை இழுத்துக்கொண்டாள்.

“எங்க வூட்ல பாத்திரம் எங்க தம்பி முடியுது” என்றாள்.